எல்லாச் செபமாலையும் ஒருவர்

விடிகிற நேரம். படகுகளிடம் நண்டு வாங்கி விற்கிற தலைமன்னார் வாடியின் கந்தோரில் மூன்று கணினிகளும் இயங்கிக்கொண்டிருந்தன.

டிலோஜினி கலண்டரில் இன்றைய நாளைத் திறந்து ஒரு வரி எழுதினாள். காற்று இல்லை.

அடுத்த கணினியில் அந்த வரி வந்தது. அதற்கடுத்ததிலும் வந்தது. அவள் போனைப் பார்த்தபடி இருந்தாள். அது அடித்தது.

"வந்திட்டுது," என்றான் மில்ரன். அவன் இலுப்பைக்கடவையில், தகப்பனின் கந்தோரில் இருந்தான். இடையில் ஒரு பாலமும் முழு மன்னாரும் கிடந்தன. "ஆனா இங்கை கொஞ்சம் அடிக்குது, மச்சாள்."

"அப்ப அதை எழுதன்."

அவன் எழுதினான். அவளுடைய வரிக்குக் கீழே இன்னொரு வரி தானாக வந்து நின்றது. இலுப்பைக்கடவை: சின்னக் காற்று. டிலோஜினி சிரித்தபடி கதிரையோடு ஒரு சுற்றுச் சுற்றினாள்.

வாசலில் நின்று எடித் பார்த்தாள். மகள் இப்படிச் சிரித்து நாளாகியிருந்தது.

எடித்தும் மில்ரனின் தகப்பன் அந்தோனிமுத்துவும் கூடப்பிறந்தவர்கள். தகப்பன் இறந்த பிறகு ஐஸ் அறையைப் பிரித்தார்கள். படகுகளைப் பிரித்தார்கள். அதோடு பேச்சும் நின்றது. தமையன் இலுப்பைக்கடவைக்குப் போய் வாடி போட்டார். தங்கை தலைமன்னாரில் இருந்தாள். போன ஞாயிறுதான், பல வருடங்களுக்குப் பிறகு, மன்னார் நகரத்துத் தேநீர்க் கடையில் இருவரும் ஒரு மேசையில் இருந்தார்கள். பேசியது பிள்ளைகள். பெரியவர்கள் பிளேன்ரீ குடித்தார்கள்.

அவர்களை அங்கே கொண்டுவந்து இருத்தியது புத்தளத்து நண்டுத் தொழிற்சாலை ஒன்று. அதற்கு வாரம் ஒரு லொறி நிறைய நண்டு வேண்டும். தலைமன்னாரின் நண்டு பாதி லொறிக்குத்தான் காணும். இலுப்பைக்கடவையின் நண்டும் அப்படியே. இரண்டும் சேர்ந்தால் ஒரு வருட ஒப்பந்தம். சேராவிட்டால் இல்லை.

இன்று சோதனை லொறி.

தொழிற்சாலையில் கொள்வனவைப் பார்ப்பவள் நுஸ்ரியா. அவள் ஒரு நிபந்தனை போட்டிருந்தாள். இரண்டு கந்தோருக்கும் ஒரு கலண்டர், ஒரு முகவரிப் புத்தகம். எந்தப் படகு எப்போது எங்கே இறங்கும் என்று புத்தளத்தில் இருந்தே அவள் பார்க்க வேண்டும். லொறி அதைப் பார்த்துத்தான் ஓடும்.

கலண்டரைத் தருவதில் எடித்துக்குப் பிரச்சினை இல்லை. போன கிழமையே தந்துவிட்டாள். முகவரிப் புத்தகம் வேறு விஷயம்.

இந்தத் தொழிலில் ஒருவரிடம் ஐஸ் கடன் கேட்கலாம். எஞ்சின் கேட்கலாம். வலையும் கேட்கலாம். ஆனால் இன்னொரு வாடிக்கு நண்டு போடுகிற சம்மாட்டிக்கு, அதாவது படகுச் சொந்தக்காரருக்கு, போன் எடுக்கக் கூடாது. எடுத்தால் அது களவு. படகுக்காரர்களின் பெயர்தான் வாடியின் கைமுதல். கணவர் கட்டாருக்குப் போன பிறகு எடித் தனி ஆளாக அந்தப் பெயர்களைச் சேர்த்தாள். கரையில் நின்று, வெயிலில் நின்று, ஒவ்வொருவராகச் சேர்த்தாள்.

அந்தக் கைமுதலைத் தமையனின் கைமுதலோடு கலக்கச் சொல்லி மகள் கேட்டாள்.

ஒரு கிழமையாகக் கேட்டாள். நேற்றுப் பின்னேரம் எடித் சரி என்றாள்.

இப்போது அவளுடைய போனில் ஒரு கேள்வி வந்தது. உங்கள் தொடர்புகளைப் பகிரச் சம்மதமா. எடித் சேலைத் தலைப்பில் விரலைத் துடைத்தாள். ஆம் என்பதை அமத்தினாள்.

"உன்ரை மாமா அமத்தீட்டாரோ?"

அமத்திவிட்டார் என்று டிலோஜினி சொன்னாள். மாமாதான் முதலில் அமத்தினவர் என்றும் சொன்னாள். எடித் பிறகு தராசைத் துடைக்கும்போது வழக்கத்தைவிட வேகமாகத் துடைத்தாள்.

இலுப்பைக்கடவையில் மில்ரனின் திரையில் இரண்டு பக்கத்துப் பெயர்களும் வந்து குவிந்தன. கூடவே கணினி ஒன்று கேட்டது. ஒரே பெயர் பல முறை இருக்கிறது, ஒன்றாக்கவா.

மில்ரன் தகப்பனின் போனில் இருந்த பெயர்களை முந்தநாள் தவறி இரண்டு தரம் ஏற்றியிருந்தான். எல்லாம் இரட்டித்துக் கிடப்பது அவனுக்குத் தெரியும். லொறி மதவாச்சியைத் தாண்டியதாக அப்போதுதான் செய்தி வந்திருந்தது. ஆம் என்று அமத்தினான். பெயர்கள் சுருங்கின. நேர்த்தியாகிவிட்டது என்று நினைத்தான்.

டிலோஜினி அழைப்பை அனுப்பினாள். நண்டு இறக்கம், இன்று, வழமையான துறை, எல்லா நண்டும் வேண்டும்.

அந்த அழைப்புக்காக அவள் பட்ட பாடு பெரியது. சம்மாட்டிமார் யாருக்கும் மின்னஞ்சல் தெரியாது. ஆனால் அவர்களுடைய எல்லாப் போனுக்குள்ளும் ஒரு மின்னஞ்சல் முகவரி இருந்தது. போன் விற்றவன் போட்டுக்கொடுத்தது. டிலோஜினி துறைமுகத்தில் போன் போனாக வாங்கி, அந்த முகவரிகளைத் தோண்டி எடுத்தாள். கலண்டர் அழைப்பை அனுப்பினால் போன் மணி அடிக்கும். திரையில் எழுத்து வரும். கரைக்குத் திரும்பும் படகுக்காரர் பார்ப்பார். மில்ரனும் தன் பக்கத்தில் அதையே செய்தான்.

"போயிட்டுது," என்றாள்.

எடித் குடையை எடுத்துக்கொண்டு கரைக்குப் போனாள்.

கரையில் முதல் படகு வந்திருந்தது. வெள்ளைப் படகு. அதன் சம்மாட்டி செபமாலை. எடித்துக்கு நண்டு போடத் தொடங்கிய முதல் ஆள் அவர். அவர் வேறொரு வியாபாரியின் தராசுக்குப் பக்கத்தில் நின்றார். கூடைகளில் பாதி அதில் ஏறியிருந்தன.

இன்றைக்கு எல்லா நண்டும் வேண்டும் என்று அழைப்பு வந்ததா என்று எடித் கேட்டாள். வரவில்லை என்றார். போனைக் காட்டினார். திரையில் மாதாவின் படம் மட்டும் இருந்தது.

"நீ வேண்டாமெண்டு நினைச்சன், பிள்ளை. இண்டைக்கு ஒண்டும் சொல்லேல்லை நீ."

மிச்சக் கூடைகளை வாடிக்குக் கொண்டுவரச் சொல்லிவிட்டு எடித் அடுத்த படகுக்குப் போனாள். அவரும் ஒரு செபமாலை. அவருக்கும் வரவில்லை. சூசை ஒருவர் வலை கழற்றிக்கொண்டிருந்தார். அவருக்கும் இல்லை. டெனிஸ்லோஸ் என்ற ஒருவருக்கு மட்டும் வந்திருந்தது. இந்தக் கரையில் அந்தப் பெயரில் அவர் ஒருவர்தான்.

எடித் திரும்பி நடந்தாள். குடையை விரிக்கவில்லை.

கந்தோரில் அவள் சொன்னதைக் கேட்டு டிலோஜினி முகவரிப் புத்தகத்தைத் திறந்தாள். செபமாலை என்று தேடினாள்.

ஒரு செபமாலை வந்தார்.

ஒரே ஒருவர். அவருக்குக் கீழே இலக்கங்களும் முகவரிகளும் ஒரு திரை நீளத்துக்குத் தொங்கின.

சூசையும் ஒருவர். மரியானும் ஒருவர்.

செபமாலை என்று கோயிலில் நின்று கூப்பிட்டால் ஆண்கள் பக்கத்தில் பாதித் தலைகள் திரும்புகிற கரை இது. யாரும் குழம்புவதில்லை. ஆளைப் படகால் அறிவார்கள். எடித் தன் போனில் ஒவ்வொரு செபமாலைக்கும் அவரவர் படகின் படத்தைப் போட்டிருந்தாள். அந்தோனிமுத்துவும் அப்படித்தான். கணினி படகைப் பார்க்கவில்லை. பெயரைப் பார்த்தது. எல்லாரையும் ஓர் ஆளாக்கி, ஒரு படத்தை வைத்துக்கொண்டு மிச்சத்தை எறிந்துவிட்டது.

வைத்துக்கொண்ட படம் ஒரு நீலப் படகு. எடித் அதைக் கண்டதே இல்லை.

"இது ஆற்றை படகு?"

டிலோஜினிக்குச் சொல்ல விருப்பமில்லை. "மாமான்ரை பக்கமாக்கும்."

செபமாலைகளில் அந்த நீலப் படகுக்காரருக்கு மட்டும்தான் அழைப்பு போயிருந்தது. எடித் தன் போனை எடுத்தாள். அதற்குள்ளும் ஒரே செபமாலை. அவளுடைய புத்தகம் பகிரப்பட்ட புத்தகம். அங்கே நடந்தது இங்கேயும் நடந்திருந்தது. வெள்ளைப் படகு இல்லை. பச்சைப் படகு இல்லை. தூண் அடியில் கட்டுகிற சின்னப் படகு இல்லை.

எடித் இருந்தாள். கைகள் மடியில் கிடந்தன.

"என்ரை ஆக்களை அழிச்சுப்போட்டார்," என்றாள். "தன்ரை ஆளை மட்டும் வைச்சிருக்கிறார்."

அப்படி இருக்காது என்று மகள் சொன்னாள். கணினி செய்திருக்கும் என்றாள். எடித் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. இன்னும் பத்துப் பதினைந்து படகுகள் கடலில் இருந்தன. அவை கரைக்கு வந்தால் அங்கங்கே நிற்கிற தராசுகளில் நண்டு ஏறிவிடும். அவள் அந்த நீளமான இலக்க வரிசையைப் பார்த்தாள். நடுவில் ஒன்றைத் தேர்ந்து அமத்தினாள். பச்சைப் படகுக்காரரின் இலக்கம் ஏழில் முடியும் என்று ஒரு நினைவு.

ஒருவர் எடுத்தார். எடித் கதைக்கிறேன் என்றாள். தலைமன்னார் வாடி என்றாள். எல்லா நண்டையும் தன்னிடம் கொண்டுவரச் சொன்னாள்.

மறுபக்கத்தில் எஞ்சின் சத்தம் கேட்டது.

"நான் இலுப்பைக்கடவை செபமாலை," என்றார் அவர். "அந்தோனிமுத்தண்ணைக்குப் போடுறனான். நீங்கள் என்னண்டு எனக்கு எடுக்கிறியள்?"

எடித் போனை வைத்தாள். முகம் கறுத்தது. இந்தக் கரையில் செய்யக் கூடாத ஒன்றை அவள் செய்துவிட்டாள். அதுவும் கூடப்பிறந்தவனின் ஆளிடம்.

அந்தச் செய்தி இலுப்பைக்கடவைக் கந்தோரை அடைய அதிக நேரம் எடுக்கவில்லை.

அந்தோனிமுத்து வாசலில் வந்து நின்றபோது மில்ரன் எழுந்தான். தகப்பன் சத்தம் போடுகிறவர் அல்ல. சத்தம் போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சம்மாட்டி சொன்னதைச் சொன்னார். பிறகு கணினியைக் காட்டி, அதைக் கழற்றிவிடச் சொன்னார்.

"புத்தகம் கைக்கு வந்த உடனை தொடங்கீட்டாள்," என்றார். "ஒரு காலைகூடப் பொறுக்கேல்லை."

அப்போதுதான் மில்ரன் திரையைப் பார்த்தான். காலையில் பெயர்கள் சுருங்கிய விதம் நினைவுக்கு வந்தது. கதிரையில் இருந்தான். செபமாலையைத் தேடினான். பார்த்தான்.

அவனுக்கு எல்லாம் விளங்கியது. இன்னொன்றும் விளங்கியது. நீலப் படகுக்காரர் கிடைத்த செய்தியைப் படகு படகாகச் சொல்லுகிற ஆள். இந்தப் பக்கத்துப் படகுகள் எப்படியும் வந்துவிடும். அந்தப் பக்கத்துப் படகுகள் வராது. நுஸ்ரியாவின் லொறி முதலில் இங்கேதான் வரும். தலைமன்னார் சொதப்பிவிட்டது என்று அவள் நினைத்தால், தன் நிபந்தனையை மாற்றி இலுப்பைக்கடவையோடு மட்டும் சின்னதாக ஓர் ஒப்பந்தம் போடக் கூடியவள். அவன் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும்.

டிலோஜினி போனில் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்பா," என்றான். "அதை அமத்தினது நான்."

என்ன அமத்தினாய் என்று தகப்பன் கேட்டார். மில்ரன் சொன்னான். விளக்கமாகச் சொன்னான். மாமி யாருடைய இலக்கம் என்று தெரியாமல்தான் எடுத்திருப்பாள் என்றான். அந்தோனிமுத்து கேட்டார். நம்பினாரா என்று முகத்தில் தெரியவில்லை.

மில்ரன் போனை எடுத்து டிலோஜினிக்கும் அதையே சொன்னான். அவள் திட்டவில்லை. அது அவனுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

"திரும்பக் கொண்டுவரலாமோ?" என்று மட்டும் கேட்டாள்.

கொண்டுவரலாம். புத்தகத்தை நேற்றிரவுக்குத் திருப்பலாம். எல்லாப் படகும் படத்தோடு திரும்பி வரும். ஆனால் நேற்றிரவு புத்தகங்கள் இரண்டாக இருந்தன. திருப்பினால் பகிர்வும் அறுந்துபோகும். புதிதாகப் பகிர வேண்டும். இரண்டு சொந்தக்காரரும் தங்கள் போனில் மறுபடி ஆம் என்று அமத்த வேண்டும்.

மில்ரன் திருப்பினான். எடித்தின் போனில் வெள்ளைப் படகு வந்தது. பச்சைப் படகு வந்தது. சின்னப் படகு வந்தது. அவள் ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

அடுத்து அந்தக் கேள்வி வந்தது. உங்கள் தொடர்புகளைப் பகிரச் சம்மதமா.

எடித் போனைக் கவிழ்த்து மேசையில் வைத்தாள்.

என்ரை ஆக்கள் வந்திட்டினம், அது காணும் என்றாள். இப்போதே போன் எடுத்து எல்லாரையும் கூப்பிடுகிறேன் என்றாள். பாதி லொறியாவது ஏறட்டும்.

"பாதி லொறிக்கு ஒப்பந்தம் இல்லை, அம்மா."

அப்படியென்றால் அவர் முதலில் அமத்தட்டும்.

டிலோஜினி அதை மில்ரனிடம் சொன்னாள். மில்ரன் தகப்பனிடம் சொன்னான். காலையில் தான்தான் முதலில் அமத்தியதாகவும், இம்முறை அவள் முறை என்றும் பதில் வந்தது. டிலோஜினி அதைத் தாயிடம் சொன்னாள். லொறி, மன்னாருக்கு முன்னால் இருக்கிற தள்ளாடிச் சந்தியில், இலுப்பைக்கடவைப் பக்கம் வடக்கே திரும்பிவிட்டதாக இதற்கிடையில் நுஸ்ரியாவிடமிருந்து ஒரு செய்தி வந்தது.

டிலோஜினி போனை மேசைக்கு நடுவில் வைத்தாள். சத்தத்தைக் கூட்டினாள். மில்ரனையும் அப்படிச் செய்யச் சொன்னாள்.

இரண்டு கந்தோரும் ஒன்றை ஒன்று கேட்டன. அங்கே ஒரு மின்விசிறி. இங்கே ஒரு காகம்.

"ஏன் என்ரை ஆளுக்கு எடுத்தனி?" என்றார் அந்தோனிமுத்து.

வருடங்களுக்குப் பிறகு அவர் தங்கையிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை அது.

எடித் போனைப் பார்த்தாள். மகளைப் பார்த்தாள்.

"உங்கடை ஆளெண்டு தெரிஞ்சிருந்தா எடுப்பனே, அண்ணை?"

மின்விசிறி சுற்றியது.

"உன்ரை செபமாலை ஆர், என்ரை செபமாலை ஆரெண்டு தெரியாமப் போச்சோ உனக்கு?"

"எனக்கு மட்டுமோ? உங்கடை போனிலையும் ஒராள்தானே இருந்தவர்."

அங்கே ஒரு சத்தம் கேட்டது. இருமலா சிரிப்பா என்று டிலோஜினிக்குத் தெரியவில்லை. எடித்துக்குத் தெரிந்தது. அவள் கவிழ்த்த போனை நிமிர்த்தினாள். ஆம் என்பதை அமத்தினாள்.

அமத்தியாயிற்று என்று டிலோஜினி சொன்னாள். பிறகு அந்தோனிமுத்துவின் குரல், எரிச்சலோடு.

"என்ரை விரலை இது எடுக்குதில்லை."

வலையும் உப்பும் தின்ற விரல். மில்ரன் போனைச் சட்டையில் துடைத்தான். விரலையும் துடைக்கச் சொன்னான். இன்னொரு விரலை வைக்கச் சொன்னான். கடைசியில் பெருவிரலின் ஓரத்தை எடுத்தது.

பெயர்கள் வந்தன. இரண்டு பக்கத்துப் பெயர்களும் டிலோஜினியின் திரையில் இறங்கிக்கொண்டே இருந்தன. செபமாலைக்குப் பின் செபமாலை. ஒவ்வொருவர் பக்கத்திலும் ஒரு படகு. கணினி மறுபடி கேட்டது. ஒரே பெயர் பல முறை இருக்கிறது, ஒன்றாக்கவா.

வேண்டாம் என்று அவள் அமத்தினாள். இரண்டு தரம் சரிபார்த்து அமத்தினாள். அழைப்பை அனுப்பினாள்.

கரையில் மணிகள் அடித்தன.

கந்தோர் யன்னலில் நின்ற டிலோஜினிக்கே அது கேட்டது. ஒரு படகில் அடித்தது. மற்றதில் அடித்தது. வலைக் குவியலுக்குள் ஒன்று. யாரோ ஒருவரின் தலைப்பாகைக்குள் ஒன்று. ஆண்கள் போனை எடுத்துத் தூரப் பிடித்துப் பார்த்தார்கள். தராசில் ஏற்றிய கூடையை ஒருவர் திரும்ப இறக்கினார். அந்த வியாபாரி ஏதோ சொன்னார். சம்மாட்டி போனை அவருக்குக் காட்டினார்.

எடித் குடை இல்லாமல் கரைக்கு ஓடினாள். டிலோஜினி தாய் ஓடி முன்பு கண்டதில்லை.

பதில்களும் வரத் தொடங்கின. கலண்டர் அழைப்புக்குக் கீழே மூன்று சொற்கள் இருக்கும். ஆம். இல்லை. ஒருவேளை. ஒருவர் ஒருவேளை என்று போட்டார். அடுத்தவரும் ஒருவேளை. டிலோஜினி பார்த்துக்கொண்டிருக்க, இரண்டு கரையிலிருந்தும் வரிசையாக ஒருவேளை, ஒருவேளை, ஒருவேளை.

நுஸ்ரியா போன் எடுத்தாள்.

"என்னங்க இது, ஒருத்தர் கூட வாறதா சொல்லல்ல. எல்லாரும் சந்தேகமா போட்டிருக்காங்க. லொறிய திருப்பச் சொல்லவா?"

வேண்டாம் என்றாள் டிலோஜினி. கடலில் நிற்கிற மனிதன் கட்டாயம் வருவேன் என்று சொல்லமாட்டான் என்று விளக்கினாள். அப்படிச் சொல்வது கடலுக்கு அடுக்காது. கரைக்கு வந்து கயிறு கட்டிய பிறகுதான் வந்தேன் என்பான். எங்கள் ஊரில் அந்தச் சொல்லுக்கு வருகிறார்கள் என்றுதான் அர்த்தம்.

நுஸ்ரியா இன்னொன்று கேட்டாள்.

"எத்தன பேரு இல்லண்டு போட்டிருக்காங்க?"

"ஒருத்தரும் இல்லை."

"சரி, லொறி வரட்டும்," என்றாள்.

லொறி முதலில் இலுப்பைக்கடவைக்குப் போனது. அங்கே நண்டு ஏறியது. மில்ரன் லொறியோடு புறப்பட்டான். பாலத்தைக் கடந்து, பேசாலையைக் கடந்து, மத்தியானம் திரும்பும்போது தலைமன்னார் வாடிக்கு முன்னால் வந்து இறங்கினான். மாமியின் முகத்தைப் பார்க்க அவனுக்குத் துணிவில்லை.

எடித் அவனிடம் ஒரு பெட்டியைத் தூக்கிக் கொடுத்தாள். "பிடி," என்றாள். அவ்வளவுதான் அவள் அதைப் பற்றிச் சொன்னது.

பாரமில்லாத வெள்ளை றெஜிபோம் பெட்டிகள் ஏறின. ஐஸ், நண்டு, ஐஸ், மூடி. வெள்ளைப் படகுக்காரர் தானே இரண்டு பெட்டி சுமந்தார். பச்சைப் படகு பிந்தி வந்தது. அதையும் ஏற்றினார்கள். சாரதி பின்கதவைச் சாத்திப் பார்த்தார். சாத்த முடியவில்லை. இரண்டு பெட்டியை நகர்த்தி, மில்ரன் தோளால் தள்ளி, சாத்தினார்கள்.

லொறி நிறைந்துவிட்டது.

யாரும் கைதட்டவில்லை. டிலோஜினி வாடிச் சுவரில் சாய்ந்து நின்றாள். அவளுக்குச் சிரிப்பு வந்துகொண்டே இருந்தது. ஐஸ் தண்ணீரில் நனைந்த சட்டையோடு மில்ரனும் அப்படித்தான் நின்றான். இனி ஒரு செபமாலையைத் தொட்டால் கையை வெட்டுவேன் என்று அவள் அவனிடம் சொன்னாள். இனி யாரையும் யாரோடும் சேர்க்கமாட்டேன் என்றான் அவன்.

உள்ளே கணினி சிணுங்கியது.

கலண்டரில் புதிய ஒன்று வந்திருந்தது. நுஸ்ரியா போட்டது. திங்கட்கிழமை, ஒப்பந்தம், மன்னார். கீழே ஒரு வரி. இரு கந்தோருக்கும் சேர்த்துக் கையெழுத்திடுபவர் ஒருவர்தான் இருக்கலாம், பெயரை நிரப்பவும்.

எடித் ஈரக் கையோடு வந்து மகளின் பின்னால் நின்றாள். வரியைப் படித்தாள். அவளுடைய தோள்கள் இறங்கின. இதுதான் அவள் தொடக்கத்திலிருந்து பயந்தது. ஒரு பெயர். மூத்தவரின் பெயர். ஆண் பிள்ளையின் பெயர். ஐஸ் அறையைப் பிரித்தபோதும் அப்படித்தான் நடந்தது.

"அவர் தன்ரை பேரைப் போடுவார்," என்றாள்.

வெறுமையாக இருந்த இடத்தில் ஒரு பெயர் வந்தது.

எடித்.

எடித் மருமகனைத் திரும்பிப் பார்த்தாள். நீ உன் போனில் இருந்து போட்டாயா என்று கேட்டாள். மில்ரன் இரண்டு கையையும் காட்டினான். நண்டுச் சேறு. அவனுடைய போன் லொறியில் கிடந்தது.

"அங்கை அப்பா மட்டும்தான் நிக்கிறார், மாமி. அவர் அந்த மெஷினைத் தொட்டதே இல்லை."

எடித் கதிரையில் இருந்தாள். அந்தப் பெயரைப் பார்த்தாள். மூன்றே எழுத்து. அந்த விரல் அதற்கு எத்தனை தரம் அமத்தியிருக்கும்.

திரை இன்னொரு முறை மாறியது. அழைப்புக்குக் கீழே, வருகிறவர்களின் பெயர்கள் இருக்கும் இடத்தில்.

அந்தோனிமுத்து: இல்லை.

டிலோஜினி வாய்விட்டுப் படித்தாள். தவறி அமத்தியிருப்பார் என்றாள். மில்ரன் தலையாட்டி மறுத்தான். அவன் முகத்தைப் பார்த்ததும் டிலோஜினி நிறுத்திவிட்டாள். ஐஸ் அறையைத் தன் பேரில் எழுதிய நாளிலிருந்து தகப்பன் தங்கையின் முகம் பார்த்துப் பேசக் கூசுகிறவர் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

எடித் போனை எடுத்தாள். படங்களுக்குள் தமையனைத் தேடி, தானே அமத்தினாள். மணி போனது. முடியும்வரை போனது. மறுபடி எடுத்தாள். இம்முறை அணைக்கப்பட்டிருந்தது.

வெளியே லொறி எஞ்சினைத் தட்டிவிட்டது.

"மறி அதை," என்றாள் எடித்.

மில்ரன் ஓடினான். அவள் கால் கழுவவில்லை. சேலை மாற்றவில்லை. வாடியின் திறப்புக் கோர்வையை இடுப்பிலிருந்து கழற்றி மகளின் கையில் வைத்தாள். லொறியின் படியில் காலை வைத்து ஏறி, சாரதிக்குப் பக்கத்தில் இருந்தாள். தள்ளாடிச் சந்தியில் இறக்கிவிடச் சொன்னாள். அங்கிருந்து வடக்கே போகிற பஸ் இருக்கும்.

"அம்மா, எங்கை?"

"உன்ரை அப்பா வீட்டை," என்றாள் எடித் மில்ரனைப் பார்த்து. பிறகு தன்னைத் திருத்திக்கொண்டாள். "என்ரை அண்ணன் வீட்டை. ஏறு நீயும். என்ன நடக்குதெண்டு போற வழியிலை சொல்லு."

மில்ரன் ஏறினான். கதவைச் சாத்தினான். புகையிரதப் பாதைப் பக்கம் லொறி திரும்பும்வரை டிலோஜினி பார்த்து நின்றாள். பிறகு உள்ளே போனாள். கலண்டரில் இன்றைய நாளைத் திறந்தாள்.

பின்னேரம். இலுப்பைக்கடவை. அம்மா வாறா.

பக்கத்துக் கணினியில் அந்த வரி வந்தது. அதற்கடுத்ததிலும் வந்தது. இலுப்பைக்கடவையிலும் வந்திருக்கும். அந்தத் திரைக்கு முன்னால் இன்னும் யாராவது இருக்கிறார்களா என்றுதான் அவளுக்குத் தெரியவில்லை.